முள்ளில்லா சப்பாத்திக்கள்ளி: இரண்டு ஏக்கரில் நடலாமா?

மணலூர்பேட்டை பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் அண்மையில் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். முள்ளே இல்லாத சப்பாத்திக்கள்ளியை ஆடுகள் கடித்துத் தின்கின்றன. "சார், இதை ரெண்டு ஏக்கர்ல போடலாமுங்களா? மடல் ஒண்ணு முப்பது ரூபாய்க்குத் தரேன்னு சொல்றாங்க" என்று கேட்டார். அவரிடம் இருப்பது மூன்று ஏக்கர் செம்மண் மேடு, இரண்டு கறவை மாடு, பதினைந்து ஆடு. தண்ணீர் இருந்தால் மக்காச்சோளம், இல்லையென்றால் தரிசு.

வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் என்று நட்டால் ஏக்கருக்கு 2,000 மடல் வேண்டும். இரண்டு ஏக்கருக்கு 4,000 மடல். மடலுக்கு மட்டுமே 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஒரு கறவை மாட்டையும் சில ஆடுகளையும் விற்றால்தான் அந்தப் பணம் அவர் கைக்கு வரும். எனவே, "போடலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியவில்லை. அதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் விரிவாகப் பார்ப்போம்.

திட்டம் எங்கிருந்து வந்தது?

இது வெறும் காணொளிப் பரபரப்பு அல்ல. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நில வளத்துறை 2022 முதல் முள்ளில்லாக் கள்ளி சாகுபடியை ஊக்குவித்து வருகிறது. பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் வரும் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பணியின் இரண்டாம் கட்டத்தில் (2021-22 முதல் 2025-26 வரை) இதுவும் ஒரு பணியாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தின் இலக்கு நாடு முழுவதும் 49.5 லட்சம் எக்டேர். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம், மத்தியப் பிரதேசம் அம்லாஹாவில் நிலையம் வைத்துள்ள இக்கார்டா என்னும் பன்னாட்டு அமைப்பு ஆகியவை இதில் பணியாற்றுகின்றன.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இஸ்ரோ வெளியிட்ட நிலச் சீரழிவு வரைபடத்தின்படி, 2018-19ல் நாட்டின் மொத்தப் பரப்பில் 29.7 சதவீதம், அதாவது சுமார் 9.78 கோடி எக்டேர், வளம் குன்றிய நிலம். அங்கே வேறு எதுவும் விளையாதபோது கள்ளி விளையும். தீவனமாகும், சாண எரிவாயுக் கலனுக்குப் போடலாம், பழம் விற்கலாம் என்கிறார்கள்.

செடியின் திறமையும் உண்மைதான். மற்ற பயிர்கள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கும்போது நீரையும் இழந்துவிடும். கள்ளி பகல் முழுதும் துளையை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கிறது. அதனால் ஒரு கிலோ உலர்பொருள் உருவாக்க அதற்கு 100 முதல் 150 லிட்டர் தண்ணீர் போதும். சோளம், மக்காச்சோளத்துக்குச் சுமார் 300 லிட்டர் வேண்டும். நெல், நிலக்கடலைக்கு அதைவிடவும் இரண்டு மடங்கு.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கள்ளி மூச்சுவிடுவது இரவில் என்பதால் இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பகலில் 25, இரவில் 15 டிகிரி செல்சியஸ் இருந்தால் அது செழிக்கும். நம் சமவெளியில் சித்திரை, வைகாசி இரவுகள் 25 டிகிரிக்கு மேலேயே நிற்கும். செடி சாகாது, ஆனால் வளர்ச்சி மந்தமாகும். ஆகவே குளிர்ந்த இரவுள்ள ஊரில் எடுத்த விளைச்சல் எண்ணை அப்படியே திருக்கோவிலூர் வட்டத்துக்குக் கொண்டுவந்து லாபக் கணக்கு போடக் கூடாது.

நமக்கு இது புதுச் செடி அல்ல

சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று நாம் அழைக்கும் செடிகள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மஞ்சள் பூவும் செந்நீலப் பழமும் நம் வேலியோரத்தில் பழகிப்போனதால் சொந்தச் செடி போலத் தெரிகிறது. பழத்தின் சுணையை மண்ணில் தேய்த்துப் போக்கிவிட்டுத் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது.

இச்செடிக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1780களின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பதுதான் எண்ணம். 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயத்துக்கான நல்ல இனம் அல்ல, அதன் காட்டு உறவு. சாயத் தொழில் எடுபடவில்லை. அந்தப் பூச்சியோ வேலிகளில் இருந்த ஒருவகைக் கள்ளியை உறிஞ்சிக் காயவைத்தது. கள்ளியை அழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான், நம் மண்ணில்.

ஆனால் இன்னொரு வகை நாகதாளி தப்பித்துப் பரவியது. தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, கோயில் நிலம் என்று எதையும் விடவில்லை. வெட்டிப் போட்டால் விழுந்த மடல் எல்லாம் வேர் விட்டது. கடைசியில் 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 எக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாட்டில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் வெற்றி இது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் இன்றைய கேள்விக்கான பாடம் இருக்கிறது. ஒன்று, கள்ளி எவ்வளவு பயனுள்ளதோ அவ்வளவு பரவக்கூடியது. இரண்டு, அதைக் கொல்லும் பூச்சி நம்மிடமே இருக்கிறது.

வெள்ளைப் பஞ்சுப் பூச்சி

வேலியோர நாகதாளியைக் கூர்ந்து பாருங்கள். மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். மாவுப்பூச்சி என்று நினைப்போம். நசுக்கினால் கையில் இரத்தம்போலச் சிவப்புச் சாயம் வடியும். அதுதான் கொச்சினீல்.

1926ல் வந்த இந்த இனம் இன்று உலகின் பல நாடுகளில் கள்ளி விவசாயிகளின் முதல் எதிரி. மொராக்கோவில் 2014ல் தென்பட்டது. சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கள்ளித் தோட்டங்கள் அழிந்தன. அரசே செடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டிவந்தது. வடகிழக்குப் பிரேசிலில் வறட்சிக்குக் கறவை மாடுகளைக் காப்பாற்றி வந்த கள்ளித் தீவனக் காடுகளையும் இது சூறையாடியது. எதிர்ப்புத்திறன் உள்ள இரகங்களைத் தேடிப் பிடித்து மாற்றி நட்ட பிறகுதான் அங்கே நிலைமை தேறியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பூச்சி இனத்துக்குள்ளேயே உள்வகைகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில், ஒரு வகை நாகதாளியில் நன்றாகப் பெருகி, தீவனக் கள்ளியில் தடுமாறியது. இன்னொரு வகை நேர்மாறாக நடந்தது. ஆகவே நம் வேலியில் இருக்கும் பூச்சி, புதிதாக வரும் முள்ளில்லா இரகங்களைத் தாக்குமா என்பதை ஊகித்துச் சொல்லக் கூடாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை பெரிய செலவு பிடிப்பதும் அல்ல. வலைக்கூண்டுக்குள் ஒவ்வொரு இரகத்தின் மடலிலும் நம் ஊர்ப் பூச்சியை விட்டு, சில மாதங்கள் பெருக்கத்தைக் கணக்கெடுத்தால் போதும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் போன்ற அமைப்புகளுக்கு இது கைவந்த வேலை.

மடல் விற்க வருபவரிடம் விவசாயி முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "இது என்ன இரகம்? பூச்சி தாங்குமா? யார் சோதித்தது?" பதில் இல்லையென்றால் 4,000 மடல் வாங்க வேண்டாம்.

தீவனமா, தண்ணீர்த் தொட்டியா?

கள்ளி மடலில் 85 முதல் 90 சதவீதம் தண்ணீர். உலர்பொருளில் புரதம் 4 முதல் 6 சதவீதம் மட்டுமே. நார்ச்சத்து குறைவு, உப்புச்சத்தும் ஆக்சலேட்டும் அதிகம். இதை மட்டும் கொடுத்தால் மாடு கழியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பசுவுக்கு நாளுக்கு 15 கிலோ கள்ளி கொடுத்தால் அதில் உலர்பொருள் ஒன்றரை கிலோ. அதில் புரதம் ஏறத்தாழ 75 கிராம். நடுத்தர எடையுள்ள, 5 லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு 700 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. இரண்டு கிலோ கடலைக்கொடி, 15 கிலோ கள்ளியைவிட இரண்டு மடங்குப் புரதம் தரும். ஆனால் அதே 15 கிலோ கள்ளியில் 13 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கிணறு வற்றிய பங்குனி, சித்திரையில் அதுவே பெரிய உதவி.

ஆக, கள்ளி பாலைக் கூட்டும் தீவனம் அல்ல. கோடையில் மாட்டைத் தாங்கிப் பிடிக்கும் தண்ணீரும் கொஞ்சம் எரிசக்தியும் அது. நம் பகுதியில் வைக்கோல், மக்காச்சோளத் தட்டை, கரும்புத் தோகை கிடைக்கிறது. இவை காய்ந்த நார். கள்ளியோ நாரில்லாத ஈரம். இரண்டையும் நறுக்கிக் கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். அதன்மேல் அகத்தி, வேலிமசால், சூபாபுல் தழையில் கொஞ்சம் சேர்த்தால் புரதமும் கிடைத்துவிடும். மொத்த உலர்பொருளில் கள்ளியின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு நாளுக்கு அரை கிலோவில் தொடங்கி, பத்து நாளில் 2 கிலோ வரை கூட்டலாம். சாணம், புழுக்கை இளகினால் உடனே குறையுங்கள்.

பழம், தோல், எரிவாயு என்று சொல்லப்படும் மற்ற வருமானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 டன் லாரி நிறையக் கள்ளி ஏற்றினால் அதில் 9 டன் தண்ணீர்தான் பயணம் செய்கிறது. ஆலை பக்கத்திலேயே இருந்தாலொழிய இந்தச் சரக்கு கட்டுப்படியாகாது. எழுத்தில் கொள்முதல் ஒப்பந்தம் தராத எவரையும் நம்பி ஏக்கர் கணக்கில் நட வேண்டாம். சொந்த மாடு, சொந்த ஆடு தின்னும் அளவே இன்றைக்குப் பாதுகாப்பான சந்தை.

பரவினால் என்ன செய்வது?

1877ல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துச் சென்னை மாகாணத்தில் விதைத்தபோது சீமைக்கருவேலமும் வறண்ட நிலத்துக்கான வரம் என்றுதான் சொல்லப்பட்டது. இன்று அதை அகற்ற நீதிமன்றம் வரை போயிருக்கிறோம். அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை ஒழிக்க 2022ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அப்படியிருக்க, இன்னொரு அயல் செடியைக் கவனமில்லாமல் உள்ளே விடுவது முறையல்ல.

"முள்ளில்லாததுதானே, என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். முள்ளின்மை மடல் வழியாக வரும் குணம். மடலை நட்டால் முள் இருக்காது. ஆனால் பழத்தைப் பறவையோ குரங்கோ தின்று விதையைப் போட்டால், முளைக்கும் நாற்றுகளில் முள்ளுள்ளவையும் வரும். ஆடு மாடு முள்ளில்லாததைத் தின்றுவிடும், முள்ளுள்ளது மட்டும் தப்பிப் பிழைக்கும். தென்னாப்பிரிக்காவில் முள்ளில்லாமல் கொண்டுபோன தீவனக் கள்ளி இப்படித்தான் முள்ளுக்குத் திரும்பி, சுமார் 9 லட்சம் எக்டேர் வரை பரவியது. அங்கும் பூச்சிகளை விட்டுத்தான் அடக்கினார்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஆறு. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் உள்ளவர்களுக்கு அந்த நாளை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. அப்படி ஒரு வெள்ளம் கரையோரக் கள்ளித் தோட்டத்தில் புகுந்தால், உடையும் ஒவ்வொரு மடலும் கடலூர் வரை எங்கு ஒதுங்குகிறதோ அங்கே வேர் விடும். ஆகவே தென்பெண்ணைக் கரையிலும், அதில் சேரும் ஓடைகளின் ஓரத்திலும், ஏரி நீர்ப்பிடிப்பிலும் இந்தச் செடியை நடவே கூடாது.

கல்வராயன் மலையில் இரவு குளிர்ச்சி என்பதால் செடி அங்கே நன்றாக வளரக்கூடும். அதுவே அங்கு நடக்கூடாது என்பதற்கும் காரணம். காட்டை ஒட்டிய நிலத்தில் பறவைகள் விதையைக் கொண்டுபோனால் திரும்பப் பிடுங்க முடியாது.

தோட்டத்தில் 25 மடல்

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்தச் செடியை ஒதுக்கிவிடுங்கள் என்பது என் கருத்து அல்ல. மேட்டு மானாவாரி நிலமும் ஆடு மாடும் உள்ள குடும்பத்துக்கு இது உதவக்கூடும். தொடங்கும் இடம்தான் மாற வேண்டும். இரண்டு ஏக்கரில் அல்ல, வீட்டுத் தோட்டத்தில், 25 மடலோடு தொடங்குங்கள். மடல் முப்பது ரூபாய் என்றாலும் செலவு 750 ரூபாய்தான்.

இடம்: நாள் முழுதும் வெயில் படும், தண்ணீர் நிற்காத மேடு. செம்மண், சரளை மண் நல்லது. களிமண் என்றால் ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி உயர்த்துங்கள். கள்ளியைக் கொல்வது வெயில் அல்ல, தேங்கும் தண்ணீர்.

மடல்: ஒரு வயது நிரம்பிய, காயமில்லாத மடலாகப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒன்று ஒட்டியிருந்தாலும் முழு மூட்டையையும் திருப்பி அனுப்புங்கள். வெட்டுவாய் ஆறும்வரை இரண்டு மூன்று வாரம் நிழலில் காயவிடுங்கள். ஈரக் காயத்தோடு நட்டால் அழுகும்.

நடவு: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஈரம் தணியும் தை, மாசி ஏற்ற காலம். மடலின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நிமிர்த்தி நடுங்கள். அடியில் மக்கிய தொழுவுரம் இரண்டு கை. நட்ட உடனே தண்ணீர் வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு குவளை, பிறகு முதல் கோடை முடியும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

பராமரிப்பு: முதல் ஆண்டு களை எடுங்கள், ஆடு மேயாமல் அடைத்து வையுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து மேல் மடல்களை அறுக்கலாம். தாய் மடலைத் தொடாதீர்கள். பூ அழகாகத்தான் இருக்கும். பார்த்து ரசியுங்கள். ஆனால் பழம் பழுக்கும் முன் மடலோடு அறுத்துவிடுங்கள். அறுத்த துண்டு எதையும் வேலிக்கு வெளியே எறியாதீர்கள்.

நல்ல இடத்தில் ஒரு மடல் ஆண்டுக்கு மூன்று மடலாவது தளிர்க்கும். 25 மடல் அடுத்த ஆண்டு 75 புது மடல் தரும், அதற்கடுத்த ஆண்டு இருநூற்றுக்கும் மேல். உங்கள் தோட்டமே நாற்றங்கால் ஆகும்போது 1 லட்சத்து 20 ஆயிரம் எதற்கு? அதற்குள் இரண்டு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் கடந்திருக்கும். செடி வளர்ந்ததா, அழுகியதா, பஞ்சுப் பூச்சி வந்ததா, மாடு தின்றதா என்பதற்கு எந்தக் காணொளியும் தராத பதில் உங்கள் தோட்டத்தில் இருக்கும்.

பஞ்சுப் பூச்சி வந்தால் தாமதிக்க வேண்டாம். தாக்கிய மடலை அறுத்து எரியுங்கள். பக்கத்து மடல்களைச் சோப்புக் கரைசலால் பீய்ச்சிக் கழுவுங்கள். வேளாண் அலுவலருக்கும் தெரிவியுங்கள். அந்தத் தகவல் ஊருக்கே பயன்படும்.

அரசு செய்ய வேண்டியது

நீர்வடிப்பகுதிப் பணிகளைச் செயல்படுத்தும் தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை, முள்ளில்லாக் கள்ளியைப் பரவலாக வழங்கும் முன் மூன்று வேலைகளை முடிக்க வேண்டும். முதலாவது, நம் ஊர்க் கொச்சினீலை வைத்து இரகங்களைச் சோதித்து, தாங்கும் இரகங்களை மட்டும் அறிவிப்பது. இரண்டாவது, ஆற்றங்கரை, ஓடை, காட்டோரம் ஆகியவற்றை நடக்கூடாத பகுதிகளாக வரையறுப்பது. மூன்றாவது, மடல் விற்பவர்களைப் பதிவுசெய்து, இரகப் பெயரும் பூச்சியில்லாச் சான்றும் இல்லாமல் விற்கத் தடை விதிப்பது. வேளாண் அறிவியல் நிலையங்கள் மாவட்டத்துக்கு ஒரு பார்வைத் திடல் வைத்தால், விவசாயிகள் நேரில் பார்த்து முடிவெடுப்பார்கள்.

கள்ளியைக் கொல்ல நாம் வரவழைத்த பூச்சி அது. பொதுப்பணத்தில் நட்ட கள்ளியை அதே பூச்சி தின்றால் நட்டம் அரசுக்கு. ஆட்டை விற்று நட்ட கள்ளியைத் தின்றால் நட்டம் ஒரு குடும்பத்துக்கு.

மணலூர்பேட்டை நண்பருக்குச் சொன்ன பதில் இதுதான்: மாட்டை விற்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் 25 மடல் நடுங்கள். மீதி இடத்தில் இந்த ஆடிப்பட்டத்தில் சோளமும் தட்டைப்பயறும் விதையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து, இரண்டு ஏக்கரைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.